மாமாவின் காயில் நோட்டை ஷீட்டில் ஏற்றிய கதை

போன வாரம் மாமா கரூருக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். காலை பத்து மணிக்கு 5 எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) ஒன்று வந்து இறங்கியது. உள்ளே செம்புக் கம்பிக் காயில் எரிந்து கரியாகிக் கிடந்தது. கடையில் நானும் இரண்டு பையன்களும்தான். பெரியவன் நேம் பிளேட்டைத் துடைத்தான், வாசல் தூணில் கட்டியிருக்கும் போனில் தேடினான், கிடைத்த டேட்டாவைப் பார்த்துவிட்டு வயர் ரீலை எடுத்துத் தராசில் வைத்தான். மறுநாள் மாலை வார்னிஷ் காய்ந்து, மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து, ஓட்டியும் பார்த்தோம். கிளாம்ப் மீட்டர் மூன்று பேஸிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் காட்டியது. மாமா வந்து சேர்ந்தபோது மோட்டார் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.

"யாரு டேட்டா சொன்னது?" என்றார்.

"நீங்கதானுங்க மாமா. 2009-ல எழுதி வெச்சிருக்கீங்க."

பதினொரு மாத வேலை அன்றுதான் உருப்பட்டதாக எனக்குத் தோன்றியது. அதனால் இதை எழுதி வைக்கிறேன். எங்களைப் போல சின்ன வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் இதே குழிகளில் விழ வேண்டாம்.

எங்களுடையது தாராபுரம் பக்கம் ஒரு வைண்டிங் கடை. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் தொழில். கிணற்று மோனோபிளாக், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் போர்வெல் சப்மெர்சிபிள், அவ்வப்போது கிரைண்டர், மிக்ஸி. மாசியில் ஆரம்பித்தால் வைகாசி வரை மூச்சு விட நேரம் இருக்காது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் எரியும். பயிர் வாடுகிறவருக்கு நேற்றே வேண்டும்.

கடையில் ஐந்து வகைக் காகிதம் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரில் கட்டும் பேர்ச் சீட்டு. கார்பன் வைத்த பில் புத்தகம். கடன் நோட்டு. வயர் எவ்வளவு இருக்கிறது என்று சாக்பீஸில் சுவரில் எழுதும் கணக்கு (இதையும் காகிதம் என்றே வைத்துக்கொள்வோம்). ஐந்தாவது, காயில் நோட்டு. 1994-இலிருந்து மாமா எழுதி வந்தது, நான்கு நீள நோட்டுகள். கம்பெனி, எச்பி, ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) எத்தனை, எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்கு, எத்தனை சுற்று, என்ன கேஜ் (கம்பியின் பருமன்), வயர் எத்தனை கிலோ. எரிந்த காயிலை அறுத்து, சுற்றை எண்ணி, கேஜ் பார்த்து எடுத்தால் இந்த டேட்டா மறுபடி கிடைக்கும். ஆனால் அதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் போகும். வேறு யாரோ ஏற்கெனவே தப்பாகக் கட்டிய மோட்டார் என்றால் எண்ணியும் பிரயோசனமில்லை. அதனால் அந்த நோட்டுதான் கடையின் கைமுதல்.

இதையெல்லாம் மாற்ற வைத்தது ஒரு அவமானம். போன வருஷக் கோடையில் ஒரே கம்பெனி, ஒரே 7.5 எச்பி சப்மெர்சிபிள் இரண்டு வந்தன. தண்ணீர்த் தொட்டியில் டெஸ்ட் போட்டபோது இரண்டின் சீட்டும் ஊறிக் கரைந்தன. இவருடையது அவருக்கும் அவருடையது இவருக்கும் போய்விட்டது. இருவருமே போர்வெல்லில் இறக்கிய பிறகுதான் ஒருவர் கேபிள் ஜாயின்டைப் பார்த்து, "இது என்னுது இல்லீங்களே" என்று போன் செய்தார். இரண்டு போரிலும் மறுபடி ஏற்றி இறக்கிய கூலி எங்கள் தலையில். அதே மாதத்தில் மூன்றாவது நோட்டின் மேல் வார்னிஷ் கொட்டி ஏழு பக்கம் ஒட்டிக்கொண்டது. பிளேடு வைத்துப் பிரித்தேன். நான்கு பக்கம் தேறியது.

சரி, கம்ப்யூட்டர்தான் வழி என்று முடிவு செய்தோம். முதல் தப்பு அங்கேயே.

நான் போய் வாங்கியது ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். வருஷத்துக்கு 3,600 ரூபாய். பேர் சொல்லவில்லை, அதன் மேல் குறை ஒன்றும் இல்லை. மளிகைக் கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் அது நன்றாகவே உழைக்கும். பொருளுக்கு ஒரு எண், ஒரு விலை, கையிருப்பில் ஒன்று குறையும். எங்களிடம் வருவதோ பொருளே இல்லை. அடுத்தவர் மோட்டார் வந்து, நாலு நாள் தங்கி, அவரிடமே திரும்பிப் போகிறது. "புதிய பொருளைச் சேர்க்கவும்" என்று அது கேட்கும்போதெல்லாம் "5 எச்பி மோட்டார் வேலை" என்று ஒரு பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அப்படி 94 பொருள் சேர்ந்திருந்தது. பில் மட்டும் அழகாக வந்தது. மோட்டார் எந்த மூலையில் இருக்கிறது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

அடுத்தது எக்செல். காயில் நோட்டை முழுதாக ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 640 மோட்டார். ஒரு நாள் மாலைக்கு இருபது ஏற்றினால் 32 மாலை. வீட்டில் என் பையன் வீட்டுப்பாடம் எழுத, பக்கத்தில் நான் இதை அடித்தேன். மாமாவை வாசிக்கச் சொல்லி, போனின் தமிழ்க் குரல் தட்டச்சில் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் முயற்சி செய்தோம். "பத்தொம்போதரை" என்றார் மாமா. அதுவும் எழுத்திலேயே அடித்து வைத்தது. எனக்கு வேண்டியது 19½. கையாலேயே அடித்தேன்.

பத்து நாள் கழித்து முதல் பக்கத்தைத் திரும்பப் பார்த்தால் வயிறு கலங்கியது. 24 ஸ்லாட் மோட்டாரில் காயில் 1-12, 2-11 என்று போகும். எதிர்ப் பக்கம் 13-24, 14-23. எக்செல் 1-12 என்பதை டிசம்பர் 1 என்றும், 2-11 என்பதை நவம்பர் 2 என்றும் எடுத்துக்கொண்டது. 13-24 என்ற தேதி உலகத்தில் இல்லாததால் அதை மட்டும் விட்டுவைத்திருந்தது! ஒரு மோட்டாரின் பாதி தேதியாகவும் பாதி ஸ்லாட்டாகவும் நின்றது. அடித்து முடித்த பிறகு அந்த வரிசையை டெக்ஸ்ட் (வெறும் எழுத்து) என்று மாற்றினால் பழையது திரும்பி வராது, ஏதோ ஒரு ஐந்து இலக்க எண் வருகிறது. முதலில் வரிசையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், அப்புறம்தான் அடிக்க வேண்டும். இருநூறு மோட்டாரைத் திரும்ப அடித்தேன்.

இது கண்ணுக்குத் தெரிந்த தப்பு, அதனால் ஆபத்தில்லை. தெரியாத தப்பு ஒன்று உள்ளேயே இருந்தது.

கேஜ் வரிசையை நம்பராக வைத்திருந்தேன். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று தசமத்தை எடுத்துவிட்டிருந்தேன். 19½ என்பதை 19.5 என்றுதான் அடித்தேன். திரை அதை 20 என்று காட்டியது. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 19 கேஜ் 1.016 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.914 மில்லிமீட்டர், அரை கேஜ் இரண்டுக்கும் நடுவில். பெரிய பையன் திரையைப் பார்த்து 20-இல் கட்டினான். சுற்று சரி, ஸ்லாட் சரி. வார்னிஷில் முக்குவதற்கு முன்னால் மாமா வந்து ஸ்லாட்டில் விரலை வைத்தார். விரலை எடுக்காமலே, "லூசா இருக்குதே... என்ன கேஜு போட்ட?" என்றார். அவன் போனைக் காட்டினான். மாமா நோட்டைக் காட்டினார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்படியே விட்டிருந்தால் மோட்டார் ஓடியிருக்கும். கம்பியின் குறுக்குப் பரப்பு பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் சூடேறி ஓடியிருக்கும். சித்திரை வெயிலில் எத்தனை நாள் தாங்கியிருக்குமோ. முழுக்க அறுத்து எடுத்தோம். ஒரு நாள் கூலியும், அப்போது கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்ட கம்பியில் ஒரு மோட்டாருக்கானதும் போயிற்று. அறுத்த செம்பு பழைய சாமான் விலைக்குத்தான் போகும்.

அன்று இரவே எல்லா வரிசையையும் டெக்ஸ்ட் ஆக்கினேன். 19½ என்பதை நோட்டில் இருப்பது போலவே அரை போட்டு எழுதினேன். இரட்டைக் கம்பி என்றால் "2 x 21" என்றில்லாமல் மாமா எழுதும்படியே "21 இரட்டை". கணக்குப் போடுவதற்கு அது தோதில்லை என்று கம்ப்யூட்டர் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். இதில் யாரும் கணக்குப் போடப் போவதில்லை, பார்த்துக் கட்டப் போகிறார்கள். அப்புறம் குத்துமதிப்பாக ஐம்பது மோட்டாரை எடுத்து மாமாவோடு நோட்டை வைத்துச் சரிபார்த்தேன். ஏழில் தப்பு. அதில் மூன்று, மாமாவின் 1-ஐ நான் 7 என்று படித்தது. ஐம்பதில் ஏழு என்றால் 640-இலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். முழுதும் ஒருமுறை ஒப்பிட்டோம். அதற்கு இன்னும் ஒன்பது மாலை.

இதையெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏற்றி, கடைப் போனில் ஆஃப்லைனிலும் திறக்கும்படி வைத்தேன். மழை நாளில் டவர் போனாலும் டேட்டா கிடைக்கும்.

அடுத்து மோட்டாருக்கு அடையாளம். இதில்தான் எனக்கு ஆசை அதிகம். கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, போனைக் காட்டினால் அந்த மோட்டாரின் விவரம் திறக்க வேண்டும். கூகுள் ஃபார்மில் வேலை எண்ணை முன்கூட்டியே நிரப்பிய லிங்க் எடுக்க முடியும், அதையே கியூஆர் ஆக்கினேன். 900 ரூபாய்க்கு லேபிள் அடித்தேன். டீசலில் துடைத்த மோட்டாரில் ஸ்டிக்கர் ஒட்டவே இல்லை. துணியால் துடைத்து ஒட்டியது தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது. அப்புறம் லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கம்பியால் கட்டினேன். 260 ரூபாய். தண்ணீரில் பிழைத்தது. வார்னிஷ் காய வைக்கும் ஓவனில் 120 டிகிரியில் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு அப்பளமாக வெளியே வந்தது. மாமா எடுத்து உடைத்துப் பார்த்தார்.

கடைசியில் வழி சொன்னது பக்கத்து லேத் பட்டறைக்காரர். அவர் தன் டையில் (உலோக அச்சு) எல்லாம் நம்பர் குத்தி வைப்பார். 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, பழைய இரும்புக் கடையில் 240 ரூபாய்க்கு. 25-க்கு 50 மில்லிமீட்டரில் துண்டு. மேலே 4 மில்லிமீட்டர் ஓட்டை. நம்பர் பஞ்ச் செட் 380 ரூபாய். 1-இலிருந்து 60 வரை குத்தினோம். தண்ணீர், வார்னிஷ், சூடு, டீசல் எதுவும் அதை ஒன்றும் செய்யவில்லை. வார்னிஷ் படிந்து மூடினாலும் நகத்தால் தடவினால் எண் தெரியும்.

அதிலும் இரண்டு சறுக்கல். நம்பர் செட்டில் ஒன்பது பஞ்ச்தான் இருந்தது. 6-ஐத் திருப்பினால் 9, அவ்வளவுதான். ஓட்டை எப்போதும் மேலே என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. நான் சிலதில் கீழே போட்டுவிட்டேன். 6 எது 9 எது என்று தெரியாமல் இரண்டையும் தூக்கிப்போட்டுப் புதிதாகக் குத்தினோம். இரண்டாவது, மோட்டாரைப் பிரித்தால் அது ஒரு பொருளாகவே இருப்பதில்லை. காயில் இருக்கும் ஸ்டேட்டர் ஓவனுக்கும், உள்ளே சுழலும் ரோட்டார் லேத்துக்கும் போகிறது. பம்ப் பகுதி அலமாரிக்குப் போகிறது. ஒரு எண்ணுக்கு ஒரு தகடு போதாது, மூன்று வேண்டும். ஆக மொத்தம் 180 தகடு, 333 முறை சுத்தியல் அடி. எண்ணிச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி நான் அடித்தது.

கியூஆர் ஆசை அப்படியே போய்விடவில்லை. ஒரே ஒரு கியூஆர் அடித்து வாசல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் கூகுள் பே கியூஆருக்குப் பக்கத்தில். அதைக் காட்டினால் தேடும் பக்கம் திறக்கும். பையன்களின் சொந்தப் போனுக்கு அது உதவுகிறது.

தகட்டு எண் சுற்றிச் சுற்றி வரும் என்பதை முதலில் யோசிக்கவில்லை. 17-ஆம் எண் மோட்டார் போனதும் அதே எண் அடுத்த மோட்டாருக்கு. ஷீட்டில் 17 என்று தேடினால் நாலு பேர் வந்தார்கள். இப்போது வேலை எண் என்பது தேதியும் தகடும் சேர்ந்தது. "போயாச்சு" என்று குறிக்காத வரைக்கும் அந்தத் தகட்டு எண்ணைப் புதிதாகக் கொடுத்தால் ஷீட்டில் சிவப்பாக வரும்.

மோட்டார் வரும்போது நிரப்பும் ஃபார்மில் முதலில் 17 கேள்வி வைத்திருந்தேன். வெளியே டெம்போ ஹாரன் அடிக்க, உள்ளே யார் 17 கேள்விக்குப் பதில் சொல்வார்கள்? இப்போது ஆறு: தகட்டு எண், பேர், ஊர், போன், எச்பி, ஒரு படம். படம் நேம் பிளேட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஃபார்மில் படம் ஏற்றும் கேள்வி வைத்தால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். அதனால் கடைக்கென்று ஒரு கணக்கு திறந்து, என் பழைய போனை அதிலேயே போட்டு, பிளாஸ்டிக் உறையில் (150 ரூபாய்) வாசல் தூணில் கட்டிவிட்டேன். வார்னிஷ் கையில் டச் ஸ்கிரீன் வேலை செய்யாது. ஆகவே உள்ளே யாரும் போனைத் தொடுவதில்லை. வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை, வாசலில்.

வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கும் ஆறு நிலை வைத்துப் பார்த்தேன். பிரித்தாச்சு, காயில் ஆச்சு, வார்னிஷ், டெஸ்ட் என்று. இரண்டாம் நாளே யாரும் மாற்றவில்லை. இப்போது மூன்றுதான்: வந்தது, ரெடி, போயாச்சு. "ரெடி" ஆனதும் தகடு தெரிய ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். "ஆச்சுங்களா?" என்று வரும் போன் குறைந்திருக்கிறது. ஆனால் எங்கள் மாமன் மச்சான் வகையறா நேரில் வந்து டீ குடித்துவிட்டுத்தான் கேட்பார்கள். அதற்கு சாஃப்ட்வேர் கிடையாது.

வயர் கணக்கில் நடந்ததைச் சொல்லாமல் விட மனமில்லை. 2,800 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். காயில் கட்டுவதற்கு முன் ரீலை ஒரு எடை, கட்டிய பின் ஒரு எடை, வித்தியாசம் அந்த மோட்டாருக்கு. மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் வாங்கியதைவிட 4.2 கிலோ குறைந்தது. சின்னப் பையன்மேல் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்திருக்கும். அப்புறம் காலி ரீல்களை எடை போட்டேன். வாங்கும்போது சிலதை ரீலோடு சேர்த்து எடை போட்டு வரவு வைத்திருக்கிறேன், சிலதை லேபிளில் இருந்த வயர் எடையில். திருடியது பிளாஸ்டிக் ரீல். இப்போது ஒவ்வொரு ரீலின் மேலும் காலி எடையை மார்க்கரில் எழுதிவிடுகிறோம். அந்தப் பையனுக்கு அந்த வாரம் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஏனென்று அவனுக்குத் தெரியாது.

கடன் நோட்டை மாற்றவில்லை. ஷீட்டில் ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். வெங்காயம் விற்றதும் தருகிறேன் என்று சொல்கிறவர், நோட்டில் தன் கண் முன்னால் மாமா எழுதுவதைப் பார்த்து, கீழே கையெழுத்தும் போடுகிறார். போனில் நான் எதையோ தட்டுவதை அவர் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவர் நேராகவே கேட்டார், "அழிச்சு எழுதுனா எனக்கு எப்படிங்க தெரியும்?" பதில் என்னிடம் இல்லை. நோட்டு அப்படியே இருக்கட்டும், மாதம் ஒருமுறை நான் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

செலவுக் கணக்கு பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. வீணானது: சாஃப்ட்வேர் 3,600, லேபிள் 900, லேமினேஷன் 260, மொத்தம் 4,760. உருப்பட்டது: தகடு 240, பஞ்ச் 380, தராசு 2,800, உறை 150, மொத்தம் 3,570. அறுத்து எடுத்த கம்பியை இதில் சேர்க்கவில்லை, மாமா கேட்கவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால் தகட்டில்தான் தொடங்குவேன். போன வருஷத்து மாறாட்டத்தைத் தடுக்க அது ஒன்றே போதும், கம்ப்யூட்டரே தேவையில்லை. காயில் நோட்டை அடித்து ஏற்றியிருக்கவும் மாட்டேன். நான்கு நோட்டும் சேர்த்து 380 பக்கம். இரண்டு மதியத்தில் படம் எடுத்துவிடலாம். ஷீட்டில் கம்பெனி, எச்பி, ஸ்லாட், பக்க எண் மட்டும் போட்டு, பக்கத்தில் படத்தின் லிங்க். தேடுவதற்கு அது போதும். கட்டுகிறவன் மாமாவின் கையெழுத்தையே பார்த்துக் கட்டுவான். 1-ஐ 7 என்று படிக்க நான் நடுவில் இருக்க மாட்டேன். ஓரத்தில் அவர் எழுதியிருக்கும் "இதுக்கு முன்னாடி தப்பா கட்டியிருக்கான், நம்பாதே" மாதிரிக் குறிப்புகளும் தப்பியிருக்கும். நான் அடித்தபோது அவற்றுக்கு வரிசை இல்லை என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பக்கங்களைத்தான் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பத்து முடிந்திருக்கிறது.

மாதக் கடைசியில் ஷீட்டை எக்செலாக இறக்கி ஒரு பென் டிரைவில் வைக்கிறேன். புது மோட்டார் டேட்டாவை மாமா இன்னமும் நோட்டில்தான் முதலில் எழுதுகிறார், அது மாறப்போவதில்லை. அதனால் ஐந்தாவது நோட்டு ஒன்று வாங்கி, ஷீட்டில் இருக்கும் அதே வரிசையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தை மட்டும் அகலமாக விட்டேன், ஓரக் குறிப்புக்கு. பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். கேஜ் கட்டம் சின்னதாக இருக்கிறதாம், அடுத்த தடவை கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லியிருக்கிறார்.